ஜூலையில் பனிக்கால அட்டவணை

லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றுதான்.
போன வண்டியே திரும்பி வரும்.
பணிமனை மாடியறையில்
வெல்கா ப்ரூவெரேயின் கணினியும்
அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

விடிகாலை நாலு ஐம்பதுக்குக் கடவுச்சொல் தட்டுவாள்.
கெட்டில் கொதிப்பதற்குள்
நாலு ஆவணங்கள் வந்து நிற்கும்
கூப்பிடாமலே:

இரண்டு வருடம் பழைய பனிக்கால அட்டவணை.
வண்டிகளில் விட்டுப்போன கையுறைகளின் பட்டியல்
(இடது பதினேழு, வலது ஒன்பது).
தரைக்கு லினோலியம் விலை கேட்டு ஒரு கடிதம்.
பிறகு, பெயரே வைக்காத ஒன்று:
'மதிப்பிற்குரிய மேலாளருக்கு' என்று தொடங்கி
காற்புள்ளியில் நின்றுவிட்டது.

மூடுவாள். மூடுவாள். மூடுவாள்.
நாலாவதை மட்டும் மூடாமல், படிக்காமல்,
திரையின் அடியில் இறக்கி வைப்பாள்.

போன செவ்வாய் கை தவறிவிட்டது.
ஜூலை வெயிலில் எல்லா நிறுத்தங்களுக்கும்
பனிக்கால அட்டவணை போய்ச் சேர்ந்தது.
சந்தை நிறுத்தத்தில்
ஸ்ட்ராபெர்ரிக் கூடைகளோடு ஆட்கள்
இருபது நிமிடம்
பெய்யாத பனி விலகக் காத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எல்லோரும் பார்க்கிற இடத்தைத்தான் முதலில் பார்த்தேன்.
அமைப்புகள். அமர்வு.
'வெளியேறியபோது இருந்ததை மீட்டெடு':
அதில் புள்ளி இல்லை.
புள்ளி ஒரு வரி கீழே உட்கார்ந்திருந்தது:
'கையால் சேமித்த அமர்வை மீட்டெடு'.

யாரோ ஒருநாள், ஒரே ஒருநாள்,
சேமி என்று அழுத்தியிருக்கிறார்கள்.
அன்றுமுதல் இந்தப் பெட்டிக்கு
விடிவதெல்லாம் அந்த நாள்தான்.

கோப்பில் தேதி இருந்தது, வாசித்தேன்:
பிப்ரவரி பதினொன்று, மாலை நாலு ஐம்பத்திரண்டு.
வெல்கா கெட்டிலைப் பார்த்தாள்.
"அன்றைக்குத் தண்டவாளமே தெரியவில்லை.
எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள்."
மேலே நான் கேட்கவில்லை.
எனக்குக் கூலி கோப்புகளுக்கு மட்டும்.

புள்ளியை நகர்த்தினேன்: 'காலியாகத் தொடங்கு'.
மறுதொடக்கம் செய்யுங்கள் என்றேன்.
அவள் எழுந்துபோய்
சுவர் ஸ்விட்சை அணைத்தாள்.

"எப்போதுமே இப்படித்தானா?"
"தீ விபத்து விதி. கடைசியாகப் போகிறவர்
மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகவேண்டும்."

மறுபடி போட்டாள்.
அட்டவணை வரவில்லை. கையுறைகள் வரவில்லை.
லினோலியம் வரவில்லை.
காற்புள்ளி வந்தது.

அப்போதுதான் புரிந்தது.
இரண்டு வருடமாக ஒவ்வொரு மாலையும்
இந்த எழுத்துச் செயலி
பேச்சின் நடுவே செத்திருக்கிறது.
ஒவ்வொரு காலையும் எழுந்து,
எரிகிற வீட்டுக்குள்ளிருந்து
பிள்ளையைத் தூக்கிவந்தவன் போல
மூச்சு வாங்க நீட்டியிருக்கிறது:
காப்பாற்றிவிட்டேன், பாருங்கள்.

கெட்டது செய்யவில்லை அது.
நல்லது செய்வதை நிறுத்தச் சொல்ல
அதற்கு ஆளில்லை.

"இது எங்குமே சேமிக்கப்படவில்லை," என்றேன்.
"நிராகரி என்று அழுத்தினால்
போனது போனதுதான்."
எலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு
ஜன்னலுக்குப் போனேன். கீழே
வண்டி ஒன்று வளையத்தில் திரும்பிக்கொண்டிருந்தது,
கடலிலிருந்து வழக்கமான காற்று,
ஓட்டுநர் தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி.

முதுகுக்குப் பின்னால் தட்டச்சுச் சத்தம்.
நிற்கும். தட்டும். நிற்கும்.
ஒரே விசையை அடுக்கடுக்காய் அழுத்துவது
அழிக்கிற சத்தம் என்று
இந்தத் தொழிலில் காதுக்கே தெரியும்.
அதற்குப் பின்னும் தட்டினாள்.

நான் திரும்பியபோது
பெட்டி பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.
கிழிந்த தரையில் மாட்டிய நாற்காலிச் சக்கரத்தை
ஒரு உதை விட்டு விடுவித்து,
யோசித்து,
'லினோலியம் 2' என்று வைத்தாள்.

இனிமேல் ஸ்விட்சுக்கு முன்னால்
முறையாக வெளியேறுங்கள் என்றேன்.
வெல்கா சிரித்தாள்.
"அதைத்தானே எழுதியிருக்கிறேன்."