கோடு

களியக்காவிளையோடு டிக்கெட் முடியும்.
இறங்கிக் கேரளா வண்டி மாறணும்.
"உனக்குத்தான் ரெண்டு டிக்கெட்" என்பார்
சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்த ஞானசிகாமணி.
"எனக்கு ஒருத்தர் மொத்தமா எடுத்தாச்சு."
நான் யாக்கோபைத் திறப்பேன்,
அவர் ரோமரை.
மீன்குழம்பு ஆறிப்போகும்.

இருபத்தாறு வருசம்.
அவருக்குக் கிருபை, எனக்கு அருள்;
பால்வெட்டுக் கத்தி ஒன்றுதான்.

கர்க்கடக மழையில் போய்விட்டார்.
செத்தவருக்கு ஜெபம் இல்லை என்றார் போதகர்.
ஒட்டுப்பால் விற்ற முந்நூறோடு
பூசைக்கு எழுதக் கிளம்பினேன்.
வழியில் அபுபக்கர் கடை.
பற்றுநோட்டில் சாயா, வாழைக்காப்பம்,
எனக்குத் தெரியாத பீடி.

"கோடு போட்டாச்சு."
யார் கட்டினது?
"யாரும் கட்டல்ல. நான் போட்டேன்."

கோட்டுக்கு அடியில் தொகை தெரிந்தது:
இருநூற்றித் தொண்ணூறு.
மேசைமேல் வைத்தேன்.
தள்ளினார்.
வைத்தேன்.

மிச்சம் பத்து ரூபாய்.
பூசைக்குக் காணாது;
கோயில் வாசலில் ஒரு மெழுகுதிரி கிடைத்தது.
திரியை நிமிர்த்தும்போதே
"அதுவும் வேண்டாம் வியாகுலம்" என்று
எங்கோ சிரிக்கிறார்.

காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து
கொளுத்தினேன்.