கேத்தல்

பெரிய கட்சிகளிடம் மிருகமும் மொட்டும் இருந்தன.
சுயேச்சைக் குழு ஏழுக்குக்
குலுக்கலில் விழுந்தது கேத்தல்.

எமல்டா சிரித்தாள்.
'நல்லதுதானே. எல்லா வீட்டிலயும் ஒண்டு கிடக்கு.
விளங்கப்படுத்தத் தேவையில்லை.'

அவளைக் குழுவில் சேர்த்தவர் வென்சஸ்லாஸ்,
முகத்துவாரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர்.
பெண்கள் பங்குக்கு ஒரு பெயர் குறைந்தது.
தையல் மெசினில் இருந்தவளிடம்
கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்.
மறுநாளே அவள் படியேறத் தொடங்குவாள் என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜம்பட்டா வீதியில் ஐயாயிரம் துண்டுப்பிரசுரம்,
மூன்று பாஷை, பாதிக் காசு கடன்.
சிங்களத்தில் அவள் பெயருக்கு ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது.
ஐயாயிரம் தடவை பேனையால் போடலாமா?
ஐந்நூறு வரை போட்டாள்.

என் ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கி.
பூசை முடியுமட்டும் அணைத்துவை என்பாள்,
பள்ளிக்கூடம் விடுமட்டும் அணைத்துவை என்பாள்,
ஆஸ்பத்திரிச் சந்தியில் அணைத்துவை என்பாள்.
நாங்கள் பேசியதைவிட
அணைத்துவைத்திருந்ததே அதிகம்.

தொடர்மாடியில் ஏழு மாடி.
லிப்ட் செத்து இரண்டு வருஷம்,
அதற்குள் யாரோ சைக்கிள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.
நாலாம் மாடியில் ஒரு கதவு
சங்கிலியோடு திறந்து கேட்டது:
'வென்றால் கேத்தல் தருவீங்களோ?'
'கேத்தல் உங்களிட்ட இருக்கு,' என்றாள்,
'தண்ணிதானே இல்லை.'
சங்கிலி கழன்றது.

வீட்டிலக்கம் போட்டு ஒரு கொப்பியில் எழுதினாள்:
5/3, குழாய் இரவு இரண்டு மணிக்கு மட்டும்.
6/1, சோமாவதி, வாளி தூக்கி முதுகு போனது.
7/4, பௌசியா, கழுவாத பானையோடு நோன்பு திறந்தது.
7/6, பேச விரும்பவில்லை, தண்ணி கொடுத்தார்.

வாக்குச்சீட்டில் அவள் பெயர் இல்லை.
சட்டம் அப்படி. சின்னம்தான்.
அட்டைப்பெட்டி மறைப்புக்குள் நான் குனிந்தபோது
கேத்தலின் மூக்கு
என் பக்கம் திரும்பியிருந்தது.

முன்னூற்றுப் பதினெட்டு.
வட்டாரத்தில் மூன்றாம் இடம்.
வென்றவனின் பட்டாசு
செட்டியார் தெருவரை கேட்டது.

சாமத்தில் இன்னொரு பட்டாசு, இது முகத்துவாரத்தில்.
எல்லா வட்டாரத்துக் கேத்தலையும் கூட்டிப் பார்த்ததில்
பட்டியலில் ஒரு ஆசனம் வந்திருந்தது.
எமல்டா தொலைபேசியைக் காதில் வைத்து
'யாருக்கு அண்ணே?' என்று கேட்டாள்.
அந்தப் பக்கம் ஒரே சத்தம்.
பிறகு அவர் சொன்னது எனக்கே கேட்டது:
'கேத்தலுக்குத்தான் தங்கச்சி, நம்மட கேத்தலுக்கு!'

வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக
வென்சஸ்லாஸ் சத்தியப்பிரமாணம் செய்த படம்
பேப்பரில் உள்ளங்கை அளவு வந்தது.
அவள் அதைப் பார்த்தாள்.
அச்சகத்துக் கடன் சிட்டையைக்
கத்தரிக்கோலின் கீழ் வைத்துவிட்டு
பள்ளிச் சட்டை ஒன்றுக்குக் கொலர் வெட்டினாள்.

திங்கட்கிழமை ஆட்டோவில் ஏறினாள்.
கையில் கொப்பி, மடியில் ஒரு போத்தல்,
ஏழாம் மாடிக் குழாயில் பிடித்தது,
பிளேன்ரீ நிறம்.
'டவுன் ஹோலுக்கு விடுங்கோ.'

வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் இரண்டரை மணி நேரம்.
பொலிஸ்காரன் வந்து என் கண்ணாடியைத் தட்டி
தேர்தல் முடிந்தது, ஸ்டிக்கரைக் கழற்று என்றான்.
நகத்தால் சுரண்டினேன்.
மூடியும் பிடியும் வந்தன,
மிச்சம் வர மறுத்தது.

போத்தலை உள்ளே வாங்கிவைத்துவிட்டார்களாம்.
கொப்பியைப் போட்டோகொப்பி எடுத்து
வியாழக்கிழமை வரட்டாம்.
யார் என்று கேட்டார்களாம்.
'என்ன சொன்னனீங்கள்?'
'தையற்காரி எண்டு.'

வண்டியைக் கிளப்பினேன்.
'மீட்டரைப் போடுங்கோ,' என்றாள்,
'இப்ப நான் வேட்பாளர் இல்லை.'

போட்டேன்.
கொட்டாஞ்சேனை வருமட்டும்
இருவரும் அது ஓடுவதையே
பார்த்துக்கொண்டு வந்தோம்.