பேர்த்திலிருந்து ஒரு சந்தேகம்

அங்கே ஒன்பதரை, இங்கே பன்னிரண்டரை.
மூன்று மணித்தியாலத்தை மறந்துவிட்டுக்
கிருபைராசா எடுக்கிறான்.
"மச்சான், எஸ்.பி.எஸ்.இல முந்திப் போடுவாங்களே,
உலகம் ஓர் அற்புதமான இடம் எண்டு,
அது முதலோ,
உலகத்தை வீட்டுக்குக் கொண்டுவாறம் எண்டது முதலோ?"

பென்டில் ஹில்லில் மழை.
குசினிக்குப் போய்
விளக்குப் போடாமல் நின்று யோசிக்கிறேன்,
யாரும் சாகவில்லை என்ற நிம்மதியோடு.

ஃபிளெமிங்டன் ஃபிளாட். இரண்டு அறை, ஐந்து பேர்.
யாரோ வீதியோரம் கழித்துவிட்ட டிவியைத்
திசைநாயகம் தோளில் சுமந்து வந்தான்.
மற்ற அலைவரிசைகள் தானாக வந்தன.
இருபத்தெட்டு மட்டும்
தனி அன்ரனா கேட்டது.
சட்டை கொழுவியை வளைத்துக் குத்தினோம்.
ஒருவன் அதைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.
பிடிப்பவனுக்குப் படம் தெரியாது.
பார்ப்பவர்கள் சொல்லச் சொல்லக் கேட்கலாம்.

"பிரிங்கிங் த வேர்ல்ட் பாக் ஹோம்."
எங்களுக்குத் தெரிந்த பாக் ஹோம் ஒன்றுதான்.
தொழிற்சாலையில் ஃபோர்மன் விசாரிப்பானே,
பாக் ஹோமில் எல்லாரும் சுகமா என்று,
அது.
ஆகவே இவர்கள் உலகத்தைப்
பெட்டி பெட்டியாகக் கட்டிப்
பருத்தித்துறைக்கு அனுப்பப் போகிறார்கள்
என்று பொழிப்புரை சொன்னான் திசைநாயகம்,
கம்பியைப் பிடித்தபடி.
"பற்றரியும் சவுக்காரமும் விடாதவன்
உலகத்தை விடுவானோ?"
கிருபை சிரித்ததில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

ஆறரைக்குக் கீழ்வீட்டு மிலித்சா கதவைத் தட்டுவாள்.
சரயேவோக்காரி.
அவள் பெட்டிக்கும் இருபத்தெட்டு எட்டாது.
செய்தியில் அவள் ஊருக்கு நாலு நிமிடம்.
எங்கள் ஊருக்கு நாற்பது செக்கன்,
பல நாள் அதுவும் இல்லை.
"நாளைக்கு வரும்" என்று என் முழங்காலில் தட்டுவாள்,
லொத்தர் விழாதவனைத் தேற்றுவதுபோல.

பிறகு புது வாசகம் வந்தது.
ஒரு நாள் அவள் தெரு எரிந்து முடிந்த கையோடு,
வானிலைக்கு முன்னால்,
உலகம் ஓர் அற்புதமான இடம் என்றது பெட்டி.
மிலித்சா தன் மொழியில் ஏதோ சொன்னாள்.
உலகத்து மொழிகளுக்கெல்லாம்
மஞ்சள் எழுத்தில் அடிவரி போட்ட நிலையம்.
அவள் சொன்னதற்கு மட்டும் போடவில்லை.
எங்களுக்கு விளங்கிற்று.

"அப்ப கொண்டுவந்ததுதான் முதல்" என்கிறேன்.
"அற்புதம் பிறகு."
"அதுக்குப் பிறகுதானே ஆறு பில்லியன் கதைகள்?"
"ஓம். இன்னும் எண்ணுகிறோம் எண்டு போட்டவங்கள்."
"பேந்து ஏழு பில்லியன்."
"ஓம்."
"ஆறு எப்ப ஏழானது?"

எனக்குத் திகதி தெரியாது.
நடுவில் ஒரு மே மாதம் இருந்தது, அது தெரியும்.
அப்போது எல்லாரிடமும் சொந்த வீடு,
சுவரில் தட்டையான திரை,
கம்பி பிடிக்க ஆள் தேவையில்லை.
திசைநாயகம் என் வரவேற்பறையில்
சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தான்.
அக்கா வீட்டு ஆட்களை விரல் மடக்கி எண்ணினான்.
ஆறு பேர்.
மடக்கிய விரலை நிமிர்த்தி, திரும்பவும் முதலிலிருந்து.
திரையில் அந்த வாசகம் ஓடிப் போயிற்று.

நிலையத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான்.
கூட்டல் தெரிந்தவர்கள்.
எங்கள் மொழியில்
எண்ணுவதென்றால் நினைப்பதும்தான் என்பது
வாசகம் எழுதியவருக்குத்
தெரிந்திருக்க நியாயமில்லை.

"கேக்குதோ?" என்கிறான் கிருபை.
"ம்."
"கம்பியைக் கூட நேரம் பிடிச்சது ஆர்?"
நானில்லை. அவனுமில்லை.
கண்டம் முழுவதும் இரைகிறது இணைப்பில்.

"போய் நித்திரை கொள்" என்கிறேன்.
அங்கே இன்னும் பத்து ஆகவில்லை.