காலிப் பெட்டி, உள்ளே பஞ்சு

பழைய டேங்கை இறக்கிய அன்று
அரியாங்குப்பம் பட்டறையில் வெல்டிங் இல்லை.
வேப்பமரத்தடியில், மூடி திறந்து,
தண்ணீர் நிரப்பி வைத்தோம், இரண்டு நாள்.
பெட்ரோலைவிட
பெட்ரோல் இருந்துவிட்டுப் போன இடம் பொல்லாதது.
தவப்பிரகாஷ் நம்பவில்லை.
நம்ப வேண்டாம், கிட்டே போகாதே என்றேன்.

சபீனாவின் கார் சின்னது.
பின்கதவைத் தூக்கினால் அவள் பின்னந்தலை தெரியும்.
டிக்கி என்று தனியாக ஒன்றில்லை.
ஒற்றை அறை வீடு:
அடுப்பும் அங்கே, பாயும் அங்கே.

ஆகவே முதலில் சுவர்.
வளைவுக்கு வளைவு தகடு வெட்டி, ரிவெட் அடித்து,
விளிம்பெங்கும் தீ தாங்கும் பசை.
இருட்டியதும் பின்பக்கம் டியூப்லைட்டை வைத்துவிட்டு
முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.
ஊசிமுனை வெளிச்சம், மூன்று இடத்தில்.
வெளிச்சம் வரும் வழியில் நெருப்பும் வரும்.
மூன்றையும் அடைத்தோம்.
நாலாவதை மறுநாள் சபீனா கண்டுபிடித்தாள்,
எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தரைத் தகட்டை நம்பி எதையும் கட்டக் கூடாது,
அதுவும் இந்த உப்புக்காற்றுத் தகட்டை.
மேலே பெயிண்ட் மினுங்கும்,
ஸ்குரூடிரைவரால் குத்தினால் அப்பளம்.
அழுகலை வெட்டி எறிந்து
சட்டத்துக்கும் சட்டத்துக்கும் சதுரக் குழாய் ஓட்டி
பம்பரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி
தாழ்வாக உட்காரவைத்துப் பட்டை போட்டோம்.
வெளியே இரும்பு, உள்ளே ரப்பர் பை,
பைக்குள் அலை எழ விடாத பஞ்சு.
ஒரு எர்த் ஒயர்,
துரு சுரண்டி வெள்ளை தெரிந்த இடத்தில்.

மூச்சுக் குழாயில் ஒரு குண்டு,
கோலியைவிடச் சின்னது.
கார் கவிழ்ந்தால் விழுந்து துளையை அடைக்கும்.
எது மேல், எது கீழ் என்று
அந்த நேரத்தில் அதற்கு மட்டும்தான் தெரியும்.
கையில் கவிழ்த்து ஊதினேன், அடைத்தது.
நிமிர்த்தி ஊதினேன், விட்டது.
தவப்பிரகாஷ் எண்ணினான், இருபத்திரண்டு தடவை.

அவள் ஓட்டுவதை நான் நினைப்பதில்லை.
தலைகீழாய்க் கிடப்பதை,
பக்கவாட்டில் கிடப்பதை,
பின்னால் ஒருத்தன் வந்து முட்டுவதைத்தான் நினைக்கிறேன்,
கூலிக்கு.
அவளிடம் சொல்வதில்லை.
அவளும் கேட்காமல்
பெல்ட்டை மட்டும் இழுத்துப் பார்க்கிறாள்.

ஆல்பேட்டை செக்போஸ்ட், ராத்திரி பதினொன்றரை.
புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் எந்தப் பெட்டியும்
பாட்டில் பெட்டிதான், நிரூபிக்கும் வரை.
ஏட்டு கலியமூர்த்தி லாரிமேல் ஏறிப் பின்கதவைத் தூக்கினார்.
விரல் மடக்கித் தட்டினார்.
கணீர் என்று வரவில்லை,
மொத்து மொத்தென்று நிறைந்த சத்தம்.
"எத்தன ஃபுல்லு?"
"ஒரு சொட்டுகூட இல்ல சார்."
"அப்ப தொற."
அவர் உதட்டில் பீடி.

எனக்கு நாக்கு எழவில்லை.
சபீனாதான் சொன்னாள், பேங்க் கவுன்டரில் பேசுகிற குரலில்:
"அத அணைச்சிட்டு வாங்க சார், தொறக்குறோம்."
பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்து ஓய்ந்தது.
அவர் இறங்கி, பத்தடி நடந்து,
பூட்ஸில் தேய்த்துவிட்டு வந்தார்.

மூடி திறந்தோம். முதலில் வாசனை.
பிறகு கருப்பாய்ப் பஞ்சு.
"இது எப்பய்யா வேல செய்யும்?"
"செய்யாம இருக்கணும் சார்.
அஞ்சு வருஷம் தேதி போட்டிருக்கு,
அப்புறம் தூக்கிப் போட்டுடுவோம்."
"சும்மாவே?"
"சும்மாவே."

நோட்டில் எழுதினார்:
காலிப் பெட்டி. உள்ளே பஞ்சு.

வண்டி நகர்ந்த பிறகு
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
அணைத்த பீடி காதில் செருகியபடி இருந்தது,
வளைவு வரும் வரை.