இடது மறை

தில்லி. மே மாதம். சைக்கிள் அரங்கின் கீழ்த்தளத்தில் பண்டக அறை.
கழித்துவிட வேண்டியவற்றின் பதிவேடு என் முன்னால்.
மேசை விசிறி இஷ்டத்துக்குப் பக்கம் புரட்டியது.
அதன்மேல் பழைய கிராங்க் ஒன்றைத் தூக்கி வைத்தேன்.
எடைக்கல்லாக அதற்கு இன்னும் உத்தியோகம் இருக்கிறது.

வரிசை எண் பதினொன்று: சக்கரம், மரவிளிம்பு, ஒன்று.
வாங்கிய ஆண்டு தெரியவில்லை.
டயரை ஒட்ட வைத்த அரக்கு
என் விரலையும் ஒட்டிப் பார்த்தது.
பன்னிரண்டு: செயின். கண்ணிக்குக் கண்ணி முழு அங்குலம்.
அதற்கேற்ற பல்சக்கரம்
ஒரு பல் விட்டு ஒரு பல்,
பால்பல் விழுந்த பிள்ளையின் சிரிப்பு.
அடுத்த தாளில் ஆப்புகள், ஒரு டப்பா நிறைய.
கிராங்கை அச்சோடு சேர்க்க
சுத்தியலால் அறைந்து இறக்குவார்களாம்.
ஆப்பு வைப்பது அன்றைக்கு நல்ல காரியம்.

எண்பத்திரண்டு என்று பச்சை மையில் எழுதிய பெட்டி.
அலுமினியம் வந்துவிட்டது. எல்லாம் பளபளப்பு.
பாதத்தைப் பெடலோடு கட்டும் தோல்வார்கள் முப்பது.
விழுந்தால் சைக்கிளும் கூடவே வரும்.
பிறகு கணுக்காலைத் திருப்பினால் விடுகிற பூட்டுகள்.
தோல்வார் எதற்கு இனி என்று
கழிவுப் பத்தியில் குறியிட்டேன்.
மறுநாள் மேலே போய்ப் பார்த்தால்
மெம்சா பூட்டும் போட்டு, அதன்மேல் வாரும் இறுக்குகிறாள்.
முதல் உதைக்கு இரண்டும் வேண்டுமாம்.
குறியை அழித்தேன். தாள் கிழிந்தது.

ஹேண்டில்பார் ஆண்டுக்காண்டு ஒடுங்குகிறது,
நெரிசல் பேருந்தில் தோளைக் குறுக்கி நிற்கிறவர்போல.
நாற்பத்தெட்டுப் பல் ஒருகாலத்தில் ராட்சசன்;
நேற்றுப் பிரித்ததற்கு அறுபத்து நான்கு,
சோற்றுத் தட்டளவு.
ஸ்போக்குகளை விழுங்கிய கார்பன் வட்டு
தட்டினால் காலி டப்பாச் சத்தம்,
விலையில் ஒரு கார்.
இத்தனை மாற்றியவர்கள்
ஒரு பிரேக் வைக்க மட்டும் மறந்தே போனார்கள்.
கால் நின்றால் சக்கரம் விடாது,
சக்கரம் நின்றால்தான் கால் நிற்கும்.

சிக்கல் நாற்பத்தொன்றில் வந்தது.
பூட்டு வளையம், எஃகு. ஏட்டில் ஏழு. கையில் ஆறு.
மூன்று முறை எண்ணினேன்.
மேசைக்கடியில் ஊர்ந்தேன்.
தேநீர்க் குவளைக்குள்ளும் பார்த்தேன்.

"மேடம், அது ஓடிக்கொண்டிருக்கிறது" என்றான் மெக்கானிக் பல்தேவ்.
புதுச் சக்கரம் வந்துவிட்டது, அதன் வளையம்
சுங்கத்தில் எங்கோ ஒரு பொட்டலத்தில் கிடக்கிறது.
எண்பத்திரண்டாம் பெட்டியில் கைவிட்டான்.
அரைச் சுற்றில் மறை பிடித்துக்கொண்டது,
நேற்றுத்தான் கடைந்த மாதிரி.
இடது மறை அது.
ஓடுகிறவள் காலால் பின்னுக்குத் தள்ளத் தள்ள
பல்சக்கரம் கழலப் பார்க்கும்,
அது கழலக் கழல இது இறுகும்.
அதை மட்டும் யாரும் திருத்தவில்லை என்றான்,
திருத்த என்ன இருக்கிறது என்பதுபோல.

பதிவேட்டோடு மேலே ஏறினேன், திரும்ப வாங்க.
சுவராய் எழுந்த மரச்சரிவில்
என் தலைக்கு மேலே போனாள் மெம்சா.
காது ஒருமுறை அடைத்துத் திறந்தது.
கை காட்டினேன். பார்த்தாள்.
பார்த்ததும் நிற்கிற வண்டியா அது?
இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று.
மூன்றாவதில் அவள் தொடைகள் சக்கரத்தோடு வாதாடுவதும்
சக்கரம் மெல்ல இணங்குவதும் தெரிந்தது.
அந்த இணக்கம் முழுக்க
என் ஏழாவது வளையத்தின்மேல்.

ஏட்டில் மூன்று பத்திகள்தான்:
உடைந்தது, காணவில்லை, ஏலத்துக்கு.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ஓடுகிறது.
தணிக்கைக்கு வரும் பட்நாகர் கேட்பார்.
வீட்டில் சொன்னால், உனக்கென்ன மறை கழன்றதா என்பார்கள்.

கீழே வந்தபோது விசிறி
கிராங்கை ஒன்றும் செய்ய முடியாமல்
சுற்றிக்கொண்டிருந்தது.
மீதி ஆறையும் கழிவுப் பெட்டியிலிருந்து எடுத்து
என் இழுப்பறையில் போட்டேன்.