யானை இல்லாத மலை

கண் ஆஸ்பத்திரியில்
எங்கள் பெஞ்சுக்கு எதிரே
ஒரு வெளிநாட்டு மலை மாட்டியிருந்தது.
கோடே கிடையாது.
நீலம் ஒரு அப்பு, பச்சை ஒரு அப்பு,
அது காயுமுன்னே பக்கத்தில் ஒரு காவி.
கிட்டப் போனால் கந்தல்,
தள்ளி வந்தால் மலை.
"சோணைமுத்து, இடது கண்" என்று நர்ஸ் கூப்பிட்டபோது
இவர் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றிருந்தார்.

முப்பத்தொரு வருஷம்
விவசாயக் கல்லூரி மண் ஆய்வகத்தில்
மண்ணுக்கு நிறம் சொன்னவர்.
ஈரமண்ணை உருட்டி
ஓட்டை போட்ட நிற அட்டைக்குப் பின்னால் பிடித்து
"பத்து ஒய்ஆர், அஞ்சுக்கு நாலு" என்பார்.
என் கூறைப்புடவையையும் விடவில்லை.
"ஏழரை ஆர்" என்றார்.
ஏழரை என்றதும்
அம்மா முகம் போன போக்கு!

ஒரு கண்ணுக்குப் புது வில்லை.
சர்க்கரை இறங்கினால்தான் அடுத்தது.
அந்த ஒன்றரை மாதம்
ஒத்தக்கடையில் இரண்டு யானைமலை இருந்தது.
மொட்டை மாடியில் நின்று
வலது கண்ணைப் பொத்தினால் ஊதா.
இடது கண்ணைப் பொத்தினால்
பழைய வேட்டியில் வடிகட்டின டீ.
பொத்திப் பொத்தித் திறப்பார்.
தனக்குத்தான் கண்ணடிக்கிறார் என்று
எதிர்வீட்டுப் பரிமளம்
இரண்டு நாள் துணி காயப்போட வரவில்லை.

பரண் கதவுக்கு அறுத்ததில் மிஞ்சின பிளைவுட்,
டவுன்ஹால் ரோட்டில் வாங்கின பதினொரு டியூப்,
ஆய்வகத்திலிருந்து கூடவே ஓய்வு பெற்று வந்த
மண் கரண்டி.
காலை வெயில் பாறையில் விழும்போது ஊதாக் கண்.
சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் டீக் கண்.
இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்,
குழைக்கவில்லை.
"கலந்தா சேறாயிரும்."

அடிவாரத்து நிழலில் மட்டும்
இரண்டு கண்ணும் ஒத்துப்போகவில்லை.
"அது என்ன கலர்டி?"
எனக்கு நம்பர் தெரியாது.
"சின்ன வெங்காயத்து உள்தோல்,
உரிச்சு ரெண்டு மணி நேரம் ஆனது" என்றேன்.
படி இறங்கி வந்து
குப்பைக் கூடையிலிருந்து தோலைப் பொறுக்கிக்கொண்டு
திரும்ப ஏறினார்.

பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி.
பால்காரர்: "யானை எங்க சார்?"
மேலூர் பஸ்ஸில் வந்திறங்கிய என் தம்பி:
"துதிக்கையக் காணோமே மச்சான்."
இந்த ஊரில் பிள்ளைக்கு
நிலாவுக்கு முன்னாலேயே யானையைக் காட்டிவிடுகிறோம்.
அந்தா படுத்திருக்கு பாரு, அந்தா நெத்தி.
காட்டின பிறகு
மலையை யாரும் பார்த்ததில்லை.
நானும்தான்.
நாற்பது வருஷம் அதற்கு எதிரே
வடகம் பிழிந்திருக்கிறேன்.

இவர் பலகையில் முதுகு என்று எதுவும் இல்லை.
வெயில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது,
அதன் மடியில் நிழல் காலைத் தூக்கிப் போட்டிருக்கிறது.
ஊதாவுக்கும் காவிக்கும் நடுவில்
வெறும் மரம் தெரிகிற இடங்களில்
காற்று வருகிறது.
மரம் தெரியுதே என்று சொல்ல வந்தவள்
சொல்லவில்லை.

மறு கண்ணும் ஆயிற்று.
கட்டுப் பிரித்த அன்று
காபிகூடக் குடிக்காமல் மாடிக்குப் போனார்.
இப்போது ஒரே மலை,
விளக்கி வைத்த எவர்சில்வர் மாதிரி ஓரம் கூர்ந்து.
யானையும் வந்துவிட்டிருந்தது.
பலகையைத் திருப்பிப் பார்த்தார்.
"யாரு இதுல டீயக் கொட்டினது?"
அட்டையை மலைக்கு நேரே நீட்டி
ஓட்டை வழியாக ஒவ்வொரு பாறையாகச் சரிபார்த்தார்.
திருத்திவிடலாம் என்று டியூப்பைப் பிதுக்கினால்
பதினொன்றும் கல்.
மூடியைக் கழற்றி
வெயிலில் வைத்தது யார் என்று
அவர் கேட்கவில்லை.

சமையலறையில் மாட்டியிருக்கிறேன்,
அரிசி டிரம்முக்கு மேலே.
ஒரு முழ தூரம்கூட இல்லை, கந்தல்தான்.
வெங்காயம் உரிக்கையில்
கண் கரித்துத் தளும்பும் ஒரு நொடி
தள்ளிப் போகாமலே
மலையாகிறது.