பதினான்காவது விதி

ஊர்ச் சட்டத்தை எழுதித் தரச் சொன்னார்கள்.
எண்பது பக்க நோட்டு, நீலப் பேனா.
கடியபட்டணத்துச் சமூகக்கூடத்தில்
மின்விசிறி மட்டும் ஒருமனதாகச் சுற்றியது.

எங்கிருந்து எடுத்து எழுத?
முந்தின இரவு மணலில் கயிற்றுச் சுருளை வைத்தவனுக்கே
விடியலில் முதல் பாடு:
இது பனியடிமை சொன்னது.
அவருக்குச் சொன்னது ஒரு பழைய அடிதடி.
இரணியல் கோர்ட்டுத் தீர்ப்பில் பாதி,
கோயில் கணக்கில் கரையான் விட்ட மீதி.
தெறிப்பு மீன் இத்தனை ஏன் என்றால்
"அப்பிடித்தான்"
என்ற ஒரே ஷரத்து.

பின்வரிசையில் எஸ்கலின் எழுந்தாள்,
சாளைச் செதில் உதிராத முழங்கை.
"பெண்ணுக்குக் கமிட்டியில இடமில்லையெண்ணு
எங்க எழுதியிருக்கு?"
எங்கும் இல்லை என்றேன்.
"பின்ன அழிக்க ரப்பர் வேண்டாமே.
எம் பேரைப் போடும்."

இருமல்கள். நாற்காலி இழுபடும் ஓசை.
அவள் பெயரைப் பிழையாக எழுதி,
அடித்து, திருத்தி எழுதினேன்.

நள்ளிரவுக்குள் பதின்மூன்று விதிகள்,
ஒன்பதாவதில் டீக் கறை.

ததேயு கேட்டான்:
கடல் ஆளைத் திருப்பித் தராத நாளில்
எவனும் வலை இறக்குவதில்லையே,
மீறினால் அபராதம் எவ்வளவு?

மீறினவன் பெயரைத் தேடினோம்.
பனியடிமைக்குக்கூட ஒருத்தனும் தட்டுப்படவில்லை.
எஸ்கலின் புருஷனுக்காக
ஆறு நாள் கரையில் கிடந்த வலைகள்
எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அவள்தான் பக்கத்தைத் தட்டினாள்:
"நம்பரை மட்டும் போடும்."

போட்டேன்.
கையெழுத்துகள் அதற்குக் கீழே,
ஓர் இடைவெளி விட்டு.